‘கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்!’ - பிரம்பு போய்விட்டது... ஆசிரியர் கையில் இப்போது என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இன்று நடந்திருக்கக்கூடிய காட்சி இது.

எட்டாம் வகுப்பு. மதியச் சாப்பாடு முடிந்து முதல் பீரியட். கணக்கு டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார். வகுப்பில் 42 பிள்ளைகள். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு விசில் சத்தம். திரும்பிப் பார்த்தால் எல்லாமே பால் வடியும் முகங்கள். மறுபடியும் பலகை. மறுபடியும் விசில். யார் என்று அவருக்குத் தெரியும். மூன்று நாளாக வீட்டுப்பாடம் செய்யாத, நோட்டே கொண்டுவராத அதே பையன்தான்.

“எந்திரிடா” என்கிறார். அவன் எழுந்திருக்கவில்லை.

இப்போது வகுப்பில் யாரும் பலகையைப் பார்க்கவில்லை. டீச்சர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று 42 பேரும் அவரையே பார்க்கிறார்கள்.

30 வருடங்களுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு அரை நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். மேசை மேல் பிரம்பு இருக்கும். உள்ளங்கையில் இரண்டு விழும். வீட்டில் போய்ச் சொன்னால் ‘நீ என்னடா பண்ணுன?’ என்று அங்கேயும் இரண்டு விழும். பள்ளியில் சேர்க்க வரும்போதே, “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்” என்று எழுதாத ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போன அப்பாக்களின் காலம் அது.

இன்று அந்த டீச்சர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, கண்டுகொள்ளாமல் பாடத்தைத் தொடர்வது. நாளைக்கு விசில் சத்தம் இரண்டு பெஞ்சிலிருந்து வரும். பரீட்சையில் வகுப்பின் மார்க் குறைந்தால், ‘என்ன டீச்சர் பாடம் நடத்துறீங்க?’ என்ற கேள்வியும் வரும்.

இரண்டு, திட்டுவது. வாய் தவறி ஒரு வார்த்தை அதிகமாக விழுந்தால், சாயங்காலத்துக்குள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அது வேறு உருவம் எடுத்திருக்கும்.

மூன்று, வீட்டுக்கு போன் போடுவது. அப்பா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, எல்லோர் எதிரிலும் பையனைக் கன்னத்தில் அறைவார். இல்லையென்றால், “என் புள்ளைய மட்டும் ஏன் சொல்றீங்க?” என்று டீச்சரிடம் சண்டைக்கு நிற்பார்.

நான்கு, ஹெச்.எம். அறைக்கு அனுப்புவது. அங்கே ஏற்கெனவே நான்கு பேர் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள்.

இந்த நான்கில் எது சரி என்பதுதான் ஸ்டாஃப் ரூம், டீக்கடை, பேரன்ட்ஸ் மீட்டிங் என்று எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் விவாதம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த விவாதத்தில் பலரும் மறந்துவிடும் விஷயம், பிரம்பு என்பது இப்போது ஒரு சாய்ஸே இல்லை.

தமிழ்நாடு கல்வி விதிகளில் திருத்தம் செய்து, 2003-லேயே பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனைக்குத் தடை விதிக்கப்பட்டது. பிறகு, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு, குழந்தையை உடல்ரீதியாகத் தண்டிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை உண்டு.

‘மனரீதியாக’ என்ற வார்த்தை முக்கியம். “நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்பதும், வகுப்பு முழுக்கச் சிரிக்கும்படி ஒரு பிள்ளையின் கையெழுத்தையோ, நிறத்தையோ, அப்பாவின் தொழிலையோ சொல்லிக் காட்டுவதும் இதற்குள் வரும்.

‘டி.சி. கொடுத்துடுவேன்’ என்ற மிரட்டலுக்கும் எட்டாம் வகுப்பு வரை சட்டத்தில் இடமில்லை. தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது அதே சட்டம்.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இதை இன்னொரு முறை அழுத்திச் சொன்னது. உடல்ரீதியான தண்டனையை ஒழிப்பதற்காக தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டு நெறிமுறைகளைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து பள்ளிகளுக்குச் சுற்றறிக்கையும் போனது.

‘நாங்க அடிவாங்கித்தான் உருப்பட்டோம்!’

சட்டத்தை எடுத்துச் சொன்னால் உடனே வரும் பதில் இதுதான். முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், பழைய வாத்தியாரின் பிரம்பைப் பற்றி ஏக்கத்தோடு ஒரு ஃபார்வர்டு மாதம் ஒருமுறையாவது சுற்றும். ‘அன்று வாத்தியார் கையில் பிரம்பு இருந்தது, இன்று போலீஸ் கையில் லத்தி இருக்கிறது’ என்ற வசனத்துக்கு 200 லைக் விழும்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்கலாம். அந்த குரூப்பில் இருப்பவர்கள் எல்லோரும் பள்ளியில் தாக்குப்பிடித்தவர்கள். கணக்கு வாத்தியாருக்குப் பயந்து ஏழாம் வகுப்போடு நின்றவர் அந்த குரூப்பில் இல்லை. ‘மக்கு’ என்று பெயர் வாங்கி, மறுநாள் முதல் பள்ளிக்கூடம் பக்கமே போகாமல் பட்டறைக்கு வேலைக்குப் போனவர் அதில் இல்லை. அவர்களிடம் கேட்டால் பிரம்பைப் பற்றி வேறு கதை சொல்வார்கள்.

அடி எல்லோருக்கும் சமமாக விழுந்ததும் இல்லை. ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளைக்கு விழுந்த அடிக்கும், கேட்க ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு விழுந்த அடிக்கும் இருந்த வித்தியாசம் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட குழந்தைகள் மீதான வன்முறை பற்றிய ஆய்வில், பள்ளிக்குப் போகும் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பேர் உடல்ரீதியான தண்டனையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அவ்வளவு அடி விழுந்த காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒழுங்காகப் படித்து முடித்துவிடவில்லை.

எனவே, பிரம்பு போனது சரிதான். அதில் இரண்டாம் கருத்துக்கு வேலை இல்லை.

ஆனால், ஆசிரியரின் பயமும் நிஜம்தான்

2012 பிப்ரவரியில், சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றார். அந்த ஆசிரியை அவரை அடிக்கவில்லை. படிப்பில் கவனமில்லை என்று பெற்றோருக்குத் தெரிவிக்கும் வகையில் குறிப்பு எழுதி அனுப்பியதே கோபத்துக்குக் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. செய்யவேண்டிய முறையில் செய்தவருக்கே அப்படி நேர்ந்தது. அந்தச் சம்பவம் பல ஆசிரியர்களின் மனதில் இன்னும் இருக்கிறது.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் நடந்ததும் மறக்கக்கூடியதல்ல. பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அந்த மாணவர் பள்ளியில் சொன்ன பிறகே தாக்குதல் நடந்ததாகச் செய்திகள் வெளியாயின.

பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்லும்படி, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பெரிய பள்ளிகளில் மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர் என்று பல பரிந்துரைகள் அதில் இருந்தன.

கயிற்றைத் தடை செய்யலாம். ஆனால், காலை பிரேயரில் அந்த மாணவன் முன்னால் நின்று, “கையில இருக்குறதைக் கழட்டுப்பா” என்று சொல்ல வேண்டியவர் ஓர் ஆசிரியர். சாயங்காலம் அதே ஊர் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியவரும் அவர்தான்.

தனியார் பள்ளிகளில் பயம் வேறு மாதிரி. அங்கே பெற்றோர் கட்டணம் கட்டுபவர். ‘டீச்சர் என் பெண்ணை ஹர்ட் பண்ணிட்டாங்க’ என்று நிர்வாகத்துக்கு ஒரு மெயில் போனால், விளக்கம் கேட்கும் முன்பே வேலை போய்விடுமோ என்ற கவலை. இரவு பத்து மணிக்கு, ‘நாளைக்கு என்ன ஹோம்வொர்க் மிஸ்?’ என்று வரும் மெசேஜுக்குப் பதில் போடாமல் தூங்கவும் பயம்.

இரண்டு பக்கமும் பயத்தோடு இருக்கிற வகுப்பறையில் யார் நிம்மதியாகப் படிக்க முடியும்?

இரண்டு நிமிடக் கணக்கு

‘அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, சரி... அப்போ என்னதான் செய்யணும்?’ என்று கேட்கும் ஆசிரியருக்குப் பயிற்சி வகுப்புகளில் ஒரே பதில்தான் கிடைக்கும். ‘பிள்ளையிடம் பேசுங்கள்.’

அது சரியான பதில்தான். விசில் அடித்த பையனை எல்லோர் முன்னாலும் மடக்கினால், நண்பர்கள் முன்னால் விட்டுக்கொடுக்க முடியாமல் முறைத்துக்கொண்டு நிற்பான். அவனையே பெல் அடித்த பிறகு தனியாகக் கூப்பிட்டு, ‘என்னப்பா, மூணு நாளா நோட் கொண்டுவரலையே?’ என்று கேட்டால் கதை வேறாக இருக்கலாம்.

ராத்திரி இரண்டு மணி வரை போனில் கேம் ஆடியிருக்கலாம். அப்பா குடித்துவிட்டு வந்து வீட்டில் யாரும் தூங்காமல் இருந்திருக்கலாம். காலையில் வீடுவீடாகப் பேப்பர் போட்டுவிட்டு வந்திருக்கலாம். பலகையில் இருப்பதே கடைசி பெஞ்சுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். கண்ணாடி போடவேண்டிய பிள்ளை பல சமயம் ‘கவனிக்காத பிள்ளை’ என்றுதான் முதலில் பெயர் வாங்கும்.

அதைக் கண்டுபிடிக்க வேண்டியது இரண்டு நிமிடம். ஆனால், அந்த இரண்டு நிமிடம் எங்கே இருக்கிறது?

42 பிள்ளைகள் உள்ள வகுப்பில், ஒருவருக்கு வாரம் இரண்டு நிமிடம் என்றால் 84 நிமிடங்கள். அதாவது, இரண்டு முழு பீரியட். பாட ஆசிரியருக்கு ஒரு வகுப்பு மட்டுமா? ஐந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கிறார், பிரிவுக்கு 40 பேர் என்றால் மொத்தம் 200 பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 400 நிமிடங்கள். ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம். கிட்டத்தட்ட ஒரு முழுப் பள்ளி நாள்!

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்றும் அதன் அட்டவணை சொல்கிறது. அந்த நேரத்துக்குள்தான் வருகைப்பதிவை ஆப்பில் ஏற்றுவது, எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களைச் சரிபார்ப்பது, நலத்திட்டப் பொருள்களைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது, நோட்டு திருத்துவது, பயிற்சிக் கூட்டங்களுக்குப் போவது எல்லாமும் வரும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு கல்வி சாராத வேலைகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது சட்டத்தின் 27-வது பிரிவு. அந்த விதிவிலக்குகளே பெரியவை. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிர திருத்தத்தில், வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடுவீடாகப் படிவத்தோடு போனவர்களில் ஆசிரியர்களும் உண்டு.

2025 ஜூலையில் ‘ப’ வடிவ இருக்கை பற்றி எழுந்த விவாதமும் இதே இடத்தில்தான் வந்து முட்டியது. கடைசி பெஞ்ச் மாணவர் என்று யாரும் இருக்கக் கூடாது என்ற யோசனை, ஒரு மலையாளப் படத்தைத் தொடர்ந்து கேரளாவில் பேசப்பட்டு, தமிழ்நாட்டுக்கும் வந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால், கழுத்தைத் திருப்பியே உட்கார்ந்தால் வலிக்காதா, இத்தனை பேரை ஓர் அறையில் ‘ப’ வடிவில் எப்படி உட்காரவைப்பது என்று கேள்விகள் கிளம்பின. பெஞ்சை எப்படித் திருப்பிப் போட்டாலும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவதில்லை.

பிரம்பு என்பது உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்தும் கருவியாகத்தான் இருந்தது. 60 பேரை ஒருவர் சமாளிக்க, சமூகம் அவருக்குக் கொடுத்த குறுக்குவழி. அந்தக் குறுக்குவழியைச் சட்டம் மூடியது நியாயம். நேர்வழியில் போகத் தேவையான நேரத்தையும் ஆள்களையும் கொடுப்பதில்தான் வேகம் போதவில்லை. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள், மாணவர்களுக்கு ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. ஓர் அரசுப் பள்ளியிலோ, கிராமத்து உதவிபெறும் பள்ளியிலோ அப்படி ஒருவர் தினமும் இருந்தால், மேலே சொன்ன நான்கு வழிகளோடு ஐந்தாவதாக ஒன்று கிடைக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ஆள் நியமனம் அரசும் நிர்வாகமும் செய்யவேண்டிய வேலை. ஆனால், அதுவரை ஆசிரியரின் சுமையில் கொஞ்சத்தைப் பெற்றோர் இறக்கிவைக்க முடியும்.

* பிள்ளை அழுதுகொண்டே வந்தால் முதலில் முழுசாகக் கேளுங்கள். ‘மிஸ் என்ன சொன்னாங்க?’ என்பதோடு ‘அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?’ என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வி பிள்ளையைச் சந்தேகப்படுவது ஆகாது. முழுக்கதை தெரிந்தால்தான் சரியாக உதவ முடியும்.

* வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடும் முன் ஆசிரியரிடம் நேரடியாகப் பேசுங்கள். குரூப்பில் விழுந்த பிறகு யாராலும் இறங்கிவர முடியாது.

* உடம்பில் காயம், பள்ளிக்குப் போகவே பயம், யாராவது தவறாக நடந்துகொண்டதாகச் சொல்வது... இவற்றில் சமாதானத்துக்கே இடமில்லை. தலைமை ஆசிரியரிடம் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன.

* ஆசிரியர் போன் செய்து பிள்ளையைப் பற்றிச் சொன்னால், அதை அடிப்பதற்கான உத்தரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை வீட்டில் பெல்ட் அடி விழுந்தது என்று தெரிந்தால், அடுத்த முறை அந்த ஆசிரியர் எதையும் சொல்லத் தயங்குவார்.

* பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான் என்கிறது சட்டம். அதன் கூட்டத்தில் கழிப்பறை, குடிநீரோடு சேர்த்து, ‘எங்க பள்ளிக்கு ஒரு ஆலோசகர் வேணும், காலியா இருக்குற ஆசிரியர் இடத்தை நிரப்பணும்’ என்பதையும் தீர்மானமாகப் போடலாம்.

* பிள்ளையிடம் நல்ல மாற்றம் தெரிந்தால், ஆசிரியருக்கு அதையும் சொல்லுங்கள். பெற்றோர் நம்பரில் இருந்து போன் வந்தாலே ‘என்ன புகாரோ’ என்று பதறும் நிலை மாற, இது ஒன்றே பாதி மருந்து.

ஆசிரியர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. ‘எங்களைக் கட்டிப்போட்டுட்டாங்க’ என்ற புலம்பல் சில சமயம், ‘இனி எதையும் கண்டுக்க மாட்டேன்’ என்பதற்கான சாக்காகவும் மாறிவிடுகிறது. கண்டுகொள்ளப்படாத பிள்ளைக்கு அதுவும் ஒரு தண்டனைதான்.

மணி அடித்தாயிற்று

அந்த எட்டாம் வகுப்புக்குத் திரும்பலாம்.

டீச்சர் கத்தவில்லை. பையனை ஒருமுறை பார்த்துவிட்டு, “சரி, உட்காரு. அப்புறம் பேசலாம்” என்று கணக்கைத் தொடர்கிறார். வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை என்றானதும் 41 பேரும் நோட்டுக்குத் திரும்புகிறார்கள். விசில் நின்றுவிட்டது.

மணி அடிக்கிறது. “நீ மட்டும் ஒரு நிமிஷம் நில்லுப்பா” என்கிறார். பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வந்து நிற்கிறான். அவன் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது, அடுத்த பீரியட் சார் வாசலில் வந்து நிற்கிறார். டீச்சருக்கும் ஏழாம் வகுப்பு ‘ஏ’ பிரிவில் பாடம் இருக்கிறது. ஆசிரியர் இல்லாத அந்த வகுப்பின் சத்தம் வராண்டா வரை கேட்கிறது.

“நாளைக்கு மறக்காம வந்து பாரு” என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்.

நாளைக்கு அவனும் வரவேண்டும். அவருக்கும் அந்த இரண்டு நிமிடம் கிடைக்க வேண்டும்.